தேடலில் அகப்படாத கடிதம்

கரவெட்டியில் ஒரு சிறிய அலுவலகத்தின் மெயில் சேர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒருவரும் புதிதாக மெயில் எழுதுவதில்லை. கடைசியாக வந்த மரண அறிவித்தலைத் திறந்து, அதற்கு மறுமொழியாகவே கூட்ட அழைப்பையும் எழுதிவிடுவார்கள். எல்லாருடைய முகவரியும் அதில் இருக்கிறதாம். பழையவற்றை அழிக்கச் சொன்னால், "செத்த ஆக்களின்ரை அறிவித்தலை அழிக்கிறதோ, தம்பி?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படங்களோடு அவை பெருத்து, இன்பொக்ஸ் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். போன வருடம் ஆத்திரத்தில் ஒரு விதி எழுதினேன். தேடுவதற்காகச் சேர்வர் வைத்திருக்கும் சொல் அட்டவணையில் 'மரண அறிவித்தல்' என்ற தலைப்புள்ள எதுவும் சேரக்கூடாது. வேகம் வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் காலை அங்கே தற்காலிகமாக வேலை செய்யும் அக்கா கூப்பிட்டார். மறுநாள் அவருக்கு நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். பழைய முகாமையாளர் எழுதிய சேவைக் கடிதம் இல்லாமல் போக முடியாது.

"அனுப்பினனான் எண்டு ஐயா போனிலை சொன்னவர். இப்ப அவரும் உயிரோடை இல்லை. தேடினா ஒண்டும் வருகுதில்லை."

"நீங்கள் அழிச்சிருப்பியள்."

"நான் ஒண்டையும் அழிக்கிறேல்லை, தம்பி."

அப்போதுதான் என் விதி ஞாபகம் வந்தது. முகம் சுட்டது. அதை எடுத்துவிட்டு, அட்டவணையை முதலிலிருந்து கட்டவிட்டேன். மத்தியானம் வரை ஓடியது. அக்கா சாப்பிடவில்லை, என்னையும் ஏசவில்லை.

முகாமையாளரின் பெயரைத் தேடியதும் கடிதம் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அக்காவின் கணவர் இறந்தபோது அலுவலகத்திலிருந்து அனுப்பிய அறிவித்தலுக்கு முகாமையாளர் எழுதிய மறுமொழி. மேலே இரண்டு வரி ஆறுதல். கீழே சேவைக் கடிதம்.

"உதை நான் திறக்கவேயில்லை," என்றார் அக்கா. "என்ரை மனுசன்ரை பேரைத் தலைப்பிலை கண்டாலே மூடிப்போடுவன்."

கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அதே தலைப்பில் வந்திருந்த மற்ற ஆறுதல் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் குப்பை என்று ஒதுக்கியவை அவை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெகுநேரம் வாசித்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இவ்வளவு பேரும் எனக்கு எழுதினவையோ, தம்பி?"