தங்கச்சிக்குக் கொடுத்த ட்யூப்

எங்கள் வீட்டில் மூத்தவள் நான். பெயர் எழுதவும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் தலையில் பொடுகு, பிள்ளைக்குச் சிரங்கு, காலில் சேற்றுப்புண் என்று தெருவில் யாருக்கு எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அப்போது துறைமுக ரோட்டு மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை எனக்கு. ஈரப் பாவாடையோடு நாள் முழுக்க நின்றதில் இடுப்பில் படர்தாமரை வந்தது. எனக்கென்று கேட்கக் கூச்சம். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று சொல்லி மெடிக்கல் அண்ணாச்சியிடம் ஒரு களிம்பு ட்யூப் வாங்கினேன். ஒரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, முகத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். மூன்றே நாளில் அரிப்பு நின்றுவிட்டது.

என் தங்கச்சி சந்தையில் கருவாடு விற்கிறவள். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு கன்னத்திலும் திட்டுத்திட்டாகக் கருத்து மங்கு விழுந்திருந்தது. மகளைப் பெண் பார்க்க வருவதற்குள் முகம் தெளிய என்ன போடலாம் என்று கேட்டாள். அண்ணாச்சி சொன்னது எனக்கு மறக்கவில்லை. கடைக்காரர் என்றால் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்து அதே ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னதை அவளிடம் சொல்லவும் இல்லை.

பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. "எங்க அக்கா தந்த மருந்துளா" என்று சந்தை முழுக்கச் சொன்னாள். எனக்கும் பெருமைதான். தீரத் தீர வாங்கிப் போட்டாள். நிறுத்தினால் எரிந்தது, அதனால் நிறுத்தவில்லை. ஏழெட்டு மாதத்தில் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது என்றாள். வெயிலுக்குப் பயந்தால் கருவாடு எப்படி விற்பது?

பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத மொகத்துல போடச் சொன்னது யாரு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். தங்கச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"யாரும் சொல்லல டாக்டரம்மா. நானாத்தான் வாங்கிப் போட்டேன்."

ஏச்சையெல்லாம் அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். என் படர்தாமரை அதற்குள் திரும்பி வந்து முதுகு வரை ஏறியிருந்தது. காட்டினால் ட்யூப் யாருடையது என்று தெரிந்துவிடும். எனக்கென்ன, ஒன்றுமில்லை என்றேன்.

அரிப்பு பொறுக்க முடியாமல், பல மாதம் கழித்து நான் தனியாகப் போய்க் காட்டினேன். மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். முதுகில் எனக்குக் கை எட்டவில்லை. வீட்டில் வேறு ஆளும் கிடையாது. தங்கச்சியைத்தான் கூப்பிட்டேன். குடை பிடித்துக்கொண்டு வந்தாள். குடை இல்லாமல் அவள் வெளியே இறங்குவதில்லை இப்போது. சந்தையில் அவள் உட்கார்ந்த இடத்தை வேறொருத்திக்கு விட்டுவிட்டாள்.

முதுகைப் பார்த்துவிட்டுக் களிம்பு மூடியைத் திறந்தாள்.

"அன்னைக்கே அந்தம்மாட்ட காட்டியிருக்கலாம்லா, அக்கா."

அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணாச்சி அன்று சொன்னதை இப்போதாவது நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். "ஓரத்துலயும் நல்லாப் போடுளா" என்று மட்டும் சொன்னேன்.