மேல்மலை சுத்தமாகவில்லை

எங்கள் தோட்டக் கமிட்டித் தலைவர் பொய் சொன்னார். மேல்மலையில் கண்ணிவெடி ஒன்றுகூட மிச்சமில்லை என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று, எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வெள்ளைக் கொடி நட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஏறிய என் புருஷன் அந்த மலையில் செத்திருக்க வேண்டியவர். சாகவில்லை. ஏன் சாகவில்லை என்று சொல்வதற்குப் பழைய கதையிலிருந்து வர வேண்டும்.

எங்கள் தோட்டம் ஹுன்னஸ்கிரியப் பக்கம். தேயிலை வெக்கை தாங்காமல் பட்டுப்போய், கண்டி மலைகளில் மறுபடியும் கோப்பி நட்ட காலத்தில் நான் பிறந்தேன். வெள்ளைக்காரன் முதலில் நட்டதும் கோப்பிதான், நடுவில்தான் தேயிலை வந்தது என்பார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்துகிற இடம் எந்தக் காலத்திலும் மாறியிருக்காது.

நான் குமரியாக இருந்தபோது தண்ணீர்ச் சண்டை வந்தது. மலையில் மழை குறைந்தது. வடக்கே போகும் தண்ணீரை நாங்கள் மறித்தோம். அங்கே கிணறுகள் உப்பாகின. வயல்கள் வெடித்தன. அவர்கள் எங்கள் மதகை உடைக்க வந்தார்கள். நான் மதகுக் காவலில் இருந்தேன். என் புருஷன் உடைக்க வந்த படையில் இருந்தார். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாக்குவாதம் வரும். சோறு ஆறிப்போகும் வரை நடக்கும். பிறகு சாப்பிடுவோம்.

அவர்கள் மேல்மலை வழியாக வரக்கூடாது என்று எங்கள் படை கோப்பிச் செடிகளுக்கு நடுவில் கண்ணி புதைத்தது. நடை படிக்கும் கண்ணி. புதைத்த பிறகு எங்களை எல்லாம் கூடையோடு அந்தச் சரிவில் ஏறி இறங்கச் சொன்னார்கள். வெயிலில், மழையில், கூடை காலியாக, கூடை நிறைய. மண்ணுக்குள் கிடந்தது எங்கள் காலைப் படித்துக்கொண்டது. மலையில் சுமந்து வளர்ந்தவர்கள் முழங்காலை மடக்கி, விரல் பக்கத்தை முதலில் ஊன்றி நடப்போம். அந்த நடையை அது விட்டுவிடும். வேறு நடை என்றால் வண்டு மாதிரி இரையும். இரைந்த பிறகு தப்பாக ஓர் அடி எடுத்தால் வெடிக்கும். எங்கள் ஆள் யாராவது இடறியிருந்தால், அப்படியே நின்று, அது படித்த நடையிலேயே மெதுவாக நடக்க வேண்டும். அடங்கிவிடும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் வந்தது. கால் மாறியவர்கள் மேலே ஏறுவதில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் நடை மாறும். சுளுக்கு விழுந்தவரின் நடை மாறும். பிரட்டில் "எனக்குக் கால் மாறிருச்சு" என்று சொன்னால் போதும். கங்காணி ஒரு கேள்வி கேட்காமல் கீழ்மலைக்கு அனுப்பிவிடுவார். சோம்பேறிகளும் அதைச் சொல்லித் தப்பித்தார்கள். யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

சண்டை ஓய்ந்து, தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, உடைந்த வாய்க்காலைக் கட்ட வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேல்மலைக்குள் கால் வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தது. ஒருவர் மட்டும் வைத்தார். கோப்பிப் பழம் செடியில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாம்.

நான் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். இரைச்சல் கேட்டுத் திரும்பினால், கையில் ஒரு சிவப்புப் பழத்தோடு நெட்டையாக ஒரு ஆள் நிற்கிறார்.

"அசையாத! அசைஞ்சா ரெண்டு காலும் போயிரும்!"

"நான் அசையேல்லை," என்றார். "உது என்ன சத்தம்?"

"ஒங்களுக்காக வச்சதுதான். இப்பதான் கெடைச்சிருக்கீங்க."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சாகப் போகிறவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

நான் போய் அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். கூடையை இறக்கி அவர் முதுகில் மாட்டினேன். என் இடுப்பைப் பிடிக்கச் சொன்னேன்.

"நான் எந்தக் காலை எடுக்குறேனோ அந்தக் காலை எடு. நான் மடக்குற மாதிரி மடக்கு. குதிங்காலை ஊனுன, செத்தோம்."

"ஏன் என்னைக் காப்பாத்துறீங்கள்?"

"இந்தச் செடியில பழம் நெறைய இருக்கு. நீ வெடிச்சா எல்லாம் கொட்டிப் போகும்."

ஒருவர் நடையாக நடந்து வெளியே வந்தோம். இரைச்சல் அடங்கியது. வாய்க்கால் ஓரத்துக்கு வந்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். பழம் அப்போதும் கையிலேயே இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். எங்கள் தோட்டத்துப் பழத்தை எனக்கே கொடுக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

வாய்க்கால் வேலை முடிந்தும் அவர் ஊருக்குப் போகவில்லை. என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். வரிசை வரிசையாக நாங்கள் குடியிருக்கும் லயத்தில் அடிதடி வரும் போலிருந்தது. சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் வரிசையிலேயே இருந்தன. கடைசியில் பெரிய கங்காணி ஒரு வார்த்தை சொன்னார்: "மேல்மலையில தனியா நடந்து வரட்டும். அந்த மண்ணு ஏத்துக்கிட்டா நாங்களும் ஏத்துக்கிறோம்."

அவரை விரட்டுவதற்காகச் சொன்னது அது. அவர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். கோப்பி காயப்போடும் களத்தில் தினமும் கூடை கட்டிக்கொண்டு என் பின்னால் நடந்தார். அவருக்கு மணலில் நடந்து பழகிய கால். நெஞ்சை நிமிர்த்தி, குதிங்காலை ஊன்றி, வாத்தியார் வகுப்புக்குள் நுழைகிற மாதிரி நடப்பார். பழம் கிளறுகிற பெண்களுக்கு அதைவிட வேறு வேடிக்கை கிடைக்கவில்லை.

"ஏய் மாப்புள, கூடையில முட்டையா வச்சிருக்க?"

"அவரு கலியாண ஊர்வலத்துக்குப் பழகுறாரு அக்கா, விடுங்க!"

"மேல்மலைக்குப் போறதுக்குள்ள எங்களச் சிரிக்க வச்சே கொன்னுருவாரு!"

"நீங்கள் சிரியுங்கோ," என்பார் அவர். "கண்ணி சிரிக்காட்டிச் சரி."

அடுத்த பழக் காலத்தில் மேல்மலையில் தனியாக ஏறினார். தோட்டமே வாய்க்கால் ஓரத்தில் நின்றது. நான் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் கொடுத்திருந்தேன். ஒரு வண்டுச் சத்தமும் வரவில்லை. கீழே வந்தபோது கூடை நிறையப் பழம் இருந்தது. பெரிய கங்காணி தன் கையாலேயே கூடையை வாங்கி இறக்கினார். எங்கள் கல்யாணத்தை வத்தேகமவில் பதிந்தோம்.

அந்த நடை அவரோடு ஒட்டிக்கொண்டது. வத்தேகம சந்தையில், தட்டையான தார் ரோட்டில், கூடை இல்லாமலேயே கூடைக்காரன் மாதிரி குனிந்து நடப்பார். ஒரு முறை வடக்கே தன் ஊருக்குப் போய் வந்தவர் ஒரு சங்கதி சொன்னார். வாசல் படலையில் நின்ற தங்கச்சி, தெருவில் வருவது ஆரோ வேற ஆள் என்று உள்ளே போய்விட்டாளாம். "அண்ணை, உன்ர நடை எங்க?" என்று கேட்டாளாம்.

இப்படியே வயதாகிவிட்டது. போன மாதம் கமிட்டி, மேல்மலையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. அது ரோட்டு ஓரத்துப் பக்கம் மட்டும் ஓடியது. உள்சரிவில் வழுக்குகிறது என்று விட்டுவிட்டார்கள். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டே நான் பார்த்தேன். அடுத்த வாரம் கொடி, படம், பேச்சு. இனிமேல் "கால் மாறிருச்சு" என்று யாரும் சொல்லக்கூடாது, அது வேலைக்குக் கள்ளம் என்றார் தலைவர். அவர் கொழும்பிலிருந்து வந்தவர். சப்பாத்தில் ஒரு தடவைகூட எங்கள் சேறு பட்டதில்லை.

என் புருஷனுக்கு முழங்கால் வீங்கி ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். இன்று காலை பிரட்டில் கால் மாறியதைச் சொன்னார். அவருக்கு மேல்மலைதான் என்று தலைவர் முடித்துவிட்டார். ஏறாவிட்டால் லயத்து அறையைக் காலி பண்ண வேண்டுமாம்.

ஏறினார். மத்தியான நேரம், பக்கத்து மலையில் இருந்த எனக்கு அவர் கூப்பிடுவது கேட்டது. சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவர் இல்லை அவர். ஓடினேன். உள்சரிவில் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றார். கீழே அதே இரைச்சல்.

"இஞ்ச வராதையும்!" என்றார். "உமக்கும் கால் மாறிட்டுது."

உண்மைதான். கிட்டே போய்த்தான் அது எனக்கு உறைத்தது. அந்த மண் படித்தது குமரியின் நடை. நான் இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறவள். அந்தப் பழைய நடை எப்படி இருந்தது என்று யோசித்தேன். வரவில்லை. யாராவது தன் நடையைப் பார்த்து வைத்திருப்பார்களா?

ஆனாலும் அவர் மிதித்து வந்த தடத்திலேயே கால் வைத்துப் போய் முதுகைக் காட்டி நின்றேன். அவர் என் இடுப்பைப் பிடித்தார்.

"எனக்கு மறந்துபோச்சுங்க," என்றேன்.

"எனக்கு மறக்கேல்லை. உம்மட நடையைத்தானே இவ்வளவு காலமும் நடந்தனான். முழங்கால்தான் இப்ப கேக்குதில்லை. நான் சொல்லுறன், நீர் வையும். இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். இல்லை, அவ்வளவு வேண்டாம். நீர் அப்ப கொஞ்சம் திமிரா நடப்பீர்."

"இந்த நேரத்துலயா?"

"உண்மையைச் சொல்லுறன். விரலை வையும். இப்ப மடக்கும்."

அவர் வலியில் பல்லைக் கடிப்பது என் கழுத்தில் கேட்டது. என் பாரத்தில் அவர் சாய்ந்தார். அவர் சொல்லச் சொல்ல என்னுடைய நடை என் காலுக்குத் திரும்பி வந்தது. இரைச்சல் மெலிந்தது. பிறகு நின்றது. வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தண்ணீர் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

இன்று பின்னேரமே கமிட்டி அறைக்குப் போய்ச் சொன்னேன். தலைவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "தேன்கூடு ஏதாச்சும் இருந்திருக்கும் அம்மா. வயசான காலத்துல காது அப்படித்தான்," என்றார். என் புருஷனுக்கு நாளைக்கும் மேல்மலைதான் என்றார்.

நாளைக்கு அவர் ஏறமாட்டார். நானும் ஏறமாட்டேன். லயத்து அறையை விட்டும் போகமாட்டோம்.

தலைவரே, உங்கள் அறைக்குள் வைத்து எனக்குப் பதில் வேண்டாம். எங்கே பொய் சொன்னீர்களோ அங்கேயே சொல்லுங்கள். பிரட்டுக் களத்துக்கு வாருங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் முழங்கால் போனவர்களும் அங்கே நிற்பார்கள். உள்சரிவில் அந்த மெஷின் ஓடியதா இல்லையா? அவர்கள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். ஓடியது என்றால், கூடையில்லாமல், உங்கள் சப்பாத்தோடு, உங்கள் சொந்த நடையில் நீங்கள் முதலில் அந்தச் சரிவில் ஏறுவீர்களா? அதற்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.