குட்டிச் சிப்பி சார்

சிப்பிக் கூடைக்குள் கைவிட்டு, கட்டைவிரல் அளவுள்ளதாகப் பார்த்துப் பொறுக்குகிறார் ஆய்வாளர். உள்ளங்கையை நிறைக்கும் பெரியது அகப்பட்டால் சுடுசட்டியைத் தொட்டவர்போல் உதறிவிடுகிறார். "இதெல்லாம் கிழடு, விடுங்க. சின்னதுதான் பாக்க லட்சணமா இருக்கும்." பரிசோதனைக்கூடத்தில் அவருக்குக் 'குட்டிச் சிப்பி சார்' என்றே பெயர்.

அழகுணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் வயிறு வளர்க்கிறது. நீரில் துளியூண்டு கலந்திருக்கும் காட்மியமும் ஈயமும் அதன் சதையில் தங்கிவிடும். அவர் சோதிக்கும் விரிகுடாவில் சிப்பிக்கு வயது ஏற ஏற விஷமும் ஏறும். நேற்றுப் பிறந்த குஞ்சில் என்ன இருக்கப்போகிறது? ஆகவே வருஷா வருஷம் விரிகுடா முதல் வகுப்பில் தேறுகிறது.

ஆள் கெட்டவரில்லை, பாவம். மேலதிகாரி முகம் சுளித்தால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். "நான் பொய்க் கணக்கே எழுதினதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்துவார். வாஸ்தவம். கருவி சொன்னதைத்தான் எழுதுகிறார். கருவிக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் ஐயாவின் சாமர்த்தியமெல்லாம்.

வீட்டில் மட்டும் சிப்பி நுழையக்கூடாது. "எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லியே இத்தனை காலம் ஓட்டிவிட்டார்.

நேற்று, பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளைப் பார்க்கச் சம்பந்தி வந்தார், பை நிறையச் சிப்பியோடு. "எல்லாம் நீங்க பாஸ் பண்ண சரக்குதான், சம்பந்தி! வாயும் வயிறுமா இருக்கற பொண்ணாச்சே, பெருசு பெருசா பாத்துப் பொறுக்கிட்டு வந்தேன்."

மனைவி அவித்து எடுத்து, அத்தனையையும் மகள் தட்டில் குவித்தாள்.

"அப்பா, இந்த நேரத்துல நான் சாப்பிடலாம்ல?"

"அவரே கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. அப்புறம் என்ன கேள்வி?" என்று சிரித்தார் சம்பந்தி.

ஆய்வாளர் மகளின் தட்டையே பார்த்தார். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! மகள் ஒரு சிப்பியை எடுத்து ஓட்டைப் பிளந்தாள். அவர் பாய்ந்து கை நீட்டினார். அதை அவள் விரல்களிலிருந்து பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு நல்ல பசிம்மா."

"ஐயையோ, உங்களுக்குத்தான் ஒத்துக்காதே!" என்றாள் மனைவி.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மென்றுகொண்டே, இடக்கையால் தட்டை மகளுக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துவைத்துக்கொண்டு, அடுத்த பெரிய சிப்பியைத் தேடி எடுத்தார்.