உறையில் நான் எழுதிய வரி

1993 ஜனவரி: விழுப்புரம் ரயில் சந்திப்புக்குப் பின்புறத் தெருவிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், என் மனைவி எட்டுத் தவக்காலப் பாடல்களைப் பாடினாள். ஆர்மோனியத்துக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர். இரண்டு பகல்கள் பிடித்தன.

1993 பிப்ரவரி: ஒலிநாடா வெளிவந்தது. உறையில் பாடியவர் பெயர் இல்லை.

2009: கூடத்தின் உரிமையாளர் இறந்தார். அவரிடமிருந்த பதிவுகளை அதற்கு முன்பே சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் வாங்கியிருந்தது.

2016: எட்டுப் பாடல்களும் கைப்பேசிச் செயலிகளில் ஏறின.

2017 மார்ச்: திண்டிவனத்தில் என் மனைவி இறந்தாள்.

இவை நிகழ்ந்தவை. இவற்றில் கருத்து எதுவும் இல்லை. கருத்துகளை இனிமேல்தான் எழுதவேண்டும்.

அந்தக் கூடம் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் மாடியில் இருந்தது. எதிரொலியைத் தடுக்கச் சுவர்களில் நிலக்கடலை வந்த மல்லாட்டைச் சாக்குகளை அடித்திருந்தார்கள். அறை முழுவதும் எண்ணெய் வாடை. ரயில் நுழையும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறாவது பாடலின் மூன்றாம் சரணத்தில் மட்டும், நேரம் தவறி வந்த ஒரு வண்டி தொலைவில் ஊதியது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிட்டாள். மறுபடி எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "அதுக்கும் துக்கம் இருக்காதா, ஊதிட்டுப் போவட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஊதல் அப்படியே இருந்துவிட்டது.

பதிவு முடிந்ததும் உரிமையாளர் உறைக்கு வாசகம் கேட்டார். படித்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

"அம்மா பேரைப் பெருசாப் போட்டுடலாம் சார். படம்கூட ஒண்ணு குடுங்க. பேரு இல்லாத கேசட்டை எவன் சார் வாங்குவான்?"

நான் அப்போது திண்டிவனத்தில் கல்லூரி ஆசிரியர். என் மாணவர்கள் பேருந்து நிலையக் கடைகளில்தான் பொழுதைக் கழிப்பார்கள். அங்கே சினிமா நாடாக்களுக்கு நடுவில் என் மனைவியின் பெயர் தொங்குவதை நான் விரும்பவில்லை. இதை இப்படிச் சொல்லும் நேர்மை அன்று எனக்கு இல்லை. வழிபாட்டுப் பாடல் தனியொருவரின் உடைமையன்று, அது சமூகத்தின் குரல் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் ஆர்மோனியத்தின் மீது துணியைப் போர்த்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எழுதற கட்டுரைக்குக் கீழேயும் பேரு போடாதீங்களேன்" என்றாள்.

ஆர்மோனியக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்த வரி இதுதான்: "பாடியோர்: இறைவனின் மகிமைக்காகத் தம் பெயரை மறைத்துக்கொண்ட ஆலயக் குழுவினர்." குழு என்று ஒன்று இருக்கவில்லை. அவள் ஒருத்திதான்.

அடுத்த ஆண்டு உரிமையாளர் இன்னொரு நாடாவுக்குப் பாடச்சொல்லிக் கேட்டு அனுப்பினார். "அந்தக் குழுவையே கூப்பிட்டுக்கச் சொல்லுங்க" என்று அவள் பதில் அனுப்பினாள். பிறகு கோயிலைத் தவிர வேறெங்கும் பாடவில்லை. நானும் காரணம் கேட்கவில்லை. தெரிந்த ஒன்றை யாரும் கேட்பதில்லை.

அவளை வீட்டின் முன்னறையில் கிடத்தியிருந்தபோது, அவளுடைய அண்ணன் மகன் ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து சன்னலில் வைத்தான். கைப்பேசியில் தவக்காலப் பாடல்களின் பட்டியல் ஒன்றை ஓடவிட்டான். மூன்றாவதாக வந்தது அவள் குரல்.

பக்கத்துவீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருப்பா பாடறது? நெஞ்ச அறுக்குது" என்று கேட்டார்.

அவன் திரையைப் பார்த்தான். "குழுவினர்னு போட்டுக்கிது, ஆன்ட்டி."

அவர் தலையசைத்துவிட்டு அழுகையைத் தொடர்ந்தார். பாடல் முடிந்த மறுநொடியில் ஒரு குளிர்பான விளம்பரம் துள்ளிக் குதித்தது. "டேய், ஜல்தியா அமுக்குடா அத!" என்று யாரோ அதட்டினார்கள். "சாரி மாமா, ஃப்ரீல கேட்டா நடுவுல இது வரும்" என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவனைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை.

அந்த நேரத்தில்தான் ஆர்மோனியக்காரர் வந்தார். அறுபதைக் கடந்தவர், பெட்டியை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு, யாரும் அழைக்காமல் வந்திருந்தார். ஒலிபெருக்கியைக் கண்டதும் பெட்டியை அவிழ்க்காமல் என் அருகில் வந்து நின்றார். பட்டியல் சுற்றி வந்து மறுபடி அவள் பாடினாள்.

"சார், இது அக்கா கொரலு தான?"

தலையசைத்தேன்.

"வாசிக்கிறது நானு" என்றார். பிறகு, "முன்னல்லாம் தபசு வந்தா நாப்பது நாளும் வேலை சார். ஊர் ஊராப் போய்க்கினு இருப்பேன். இப்ப எல்லா ஊர்லயும் இதையே போட்டுக்கிறாங்க. நான் வாசிச்சதே என்னை வூட்டுக்குப் போன்னு சொல்லுது" என்றார். ஒலிபெருக்கியைக் காட்டி, "சொல்லிடுங்க சார். அக்காதான் பாடுதுன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. சொன்னால், பெயர் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு விடை தெரிந்தவர்கள் அந்த அறையில் மூவர். அவர்களில் ஒருத்தி பேசும் நிலையில் இல்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பதிவுகளை வாங்கிய சென்னை நிறுவனத்துக்குத் தொலைபேசி, பாடியவர் பெயராக அவள் பெயரைச் சேர்க்கக் கேட்டேன். ஓர் இளம்பெண் பொறுமையாகவே பேசினார்.

"கவர்ல என்ன இருக்கோ, அதான் சார் எங்க டேட்டாலயும் இருக்கும். வேற ஏதாவது ப்ரூஃப் இருக்குங்களா?"

ஆறாவது பாடலில் ஒரு ரயில் ஊதும், அன்று அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும் என்றேன்.

"அந்த மாதிரி நாய்ஸ் எல்லாம் க்ளீன் பண்ணித்தான் சார் ஏத்துவோம்."

செயலியில் ஆறாவது பாடலை அப்போதுதான் முதன்முறையாக முழுவதும் கேட்டேன். ஊதல் இல்லை. சரணங்களுக்கு நடுவே அவள் இழுக்கும் மூச்சும் இல்லை. மூச்சே வாங்காத ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களின் எண்ணிக்கை கீழே இருந்தது, பெரிய எண். அத்தனை பேரில் ஒருவருக்கும் அவள் யாரென்று தெரியாது. நாடாக் காலத்தில், கேட்டுக்கொண்டே உறையைத் திருப்பிப் படிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களையும் ஏமாற்றியவன் நான்தான் என்பதால், இந்தக் காலத்தை ஏசும்போது என் நாக்கு பாதியில் நின்றுவிடுகிறது.

உறையைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் அந்தப் பெண்ணே அழைத்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பாடினவங்களே பேரு வேணாம்னு சொன்ன மாதிரி இல்ல இதுல போட்டிருக்கு?"

நான் எழுதிய வரிகளில், இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் சான்றாகக் கொள்ளப்படுவது அது ஒன்றுதான்.

செய்யாமல் நிற்பவை:

நிறுவனத்துக்கு எழுதவேண்டிய கடிதம். அந்த வரி என்னுடையது, அவளுடையதன்று என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம் சென்று, கூடத்துக்காரரின் மகளிடம் மூலநாடா எஞ்சியிருக்கிறதா என்று கேட்பது.

ஆர்மோனியக்காரரின் பெயரையும் அதே கடிதத்தில் சேர்ப்பது.

பக்கத்துவீட்டு அம்மாளுக்கு, அன்று கேட்ட கேள்விக்கு விடை சொல்வது.

இந்தப் பக்கங்களில் எங்காவது ஓரிடத்தில் அவள் பெயரை எழுதுவது.