மீனுக்கு மாட்டிய டியூப் லைட்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நான், என் மனைவி, கல்யாணத்துக்கு நின்ற என் தங்கை மூன்று பேர். உள்ளறையில் ஒரு பட்டுத் தறி. வருஷம் முழுக்க ஊரார் கல்யாணத்துக்கு நெய்து கொடுக்கிற தறி அது. அந்த மாதம்தான் முதல் தடவையாக எங்கள் வீட்டுப் பெண்ணுக்காக ஒரு புடவை அதில் ஏறியிருந்தது. பக்கத்து ஊர் மாகறலில் மாப்பிள்ளை, கார்த்திகையில் முகூர்த்தம். "அண்ணன் கையால நெய்ஞ்சதைத்தான் கட்டுவேன், கத்தரிப்பூ கலர்ல வேணும்" என்று தங்கை சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா எனக்கு மீன் பைத்தியம் பிடிக்க வேண்டும்?

மெட்ராஸுக்குப் புடவை கொடுக்கப் போனவன், வந்த வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். மீன் காட்சிசாலைக்குள் நுழைந்தேன். ஒரு கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறை, அதைச் சுற்றி மீன்கள். மேலேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக அந்தப் பாறை மின்னியதே, சாயத்தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. ஊர் திரும்பும்போது என் மடியில் ஒரு தொட்டி, கையில் எட்டு மீன்கள், பையில் ஒரு வெள்ளைப் பவளப்பாறைத் துண்டு. கடல் மீன் வீட்டில் பிழைக்காது என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் நல்ல தண்ணீர் மீனைத்தான் கொடுத்தார். பாறை மட்டும் கடலில் இருந்து வந்தது.

கூடத்தில் தொட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாறையை இறக்கினேன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி கிடந்தது. காட்சிசாலையில் மின்னியது பாறையா, விளக்கா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. சரி, விளக்கு வாங்கினால் போகிறது என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அது இதுதான்.

எலக்ட்ரிக் கடைக்காரரிடம் மீன் தொட்டிக்கு விளக்கு கேட்டேன். "மீனுக்கு இன்னாத்துக்குபா லைட்டு? அது இன்னா பேப்பரா படிக்குது?" என்று கேட்டுவிட்டு, சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்றைக் கொடுத்தார். மாட்டினேன். மொத்தத் தொட்டியும் ரத்தக் களறியாகத் தெரிந்தது. பச்சை பல்பு போட்டேன். மீன்கள் எல்லாம் சீக்குப் பிடித்தவை போல இருந்தன. அதிக வெளிச்சம் வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். நூறு வாட் பல்பைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டேன். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வெந்நீராகி இரண்டு மீன்கள் மிதந்தன. சொன்ன நண்பரிடம் போய்க் கத்தினால், "நான் இன்னா, வேக வெக்கவா சொன்னேன்?" என்கிறார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பல்பு மட்டும் ஒருவரும் வாங்கித் தரவில்லை.

கடைசியில் என் தொழில் புத்தியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பட்டின் நிறத்தை விளக்கில் பார்த்து ஒருவரும் முடிவு செய்ய மாட்டார்கள். சாயம் போட்டு வந்த நூலாக இருந்தாலும், தறியிலிருந்து அறுத்த புடவையாக இருந்தாலும், பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு. அப்படியானால் வாசல் வெளிச்சத்தில் தெரிகிற நிறத்தை மாற்றாமல் காட்டுகிற விளக்குதானே நல்ல விளக்கு? அரக்கு, மாம்பழம், மயில் கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று ஐந்து நிறத்தில் பட்டு நூல் சிட்டங்களை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். ஒவ்வொரு விளக்கையும் போடச் சொல்லி, அடியில் நூலைப் பிடித்துப் பார்த்து, தெருவுக்கு ஓடி வந்து வெயிலில் பார்த்து, மறுபடி உள்ளே ஓடினேன். கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் விடுவேனா? ஒரு டியூப் லைட் தேறியது. ஐந்து நிறமும் வாசலில் தெரிந்தது போலவே ஏறக்குறைய அதில் தெரிந்தன.

அதை மாட்டுவது அடுத்த ரோதனை. எரிந்தால் கீயென்று சத்தம், சத்தம் நின்றால் விளக்கு எரியவில்லை. முக்காலியின் மேல் ஏறி நின்று, வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு, அந்த விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அடைமழை. என் மனைவி இரண்டு சிட்டங்களோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க, இந்த ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க. முதல்ல போட்ட நூல் பத்தலைன்னு சாயக்காரர் இன்னொரு தபா போட்டுக் குடுத்துகிறார்."

"ஒண்ணுதான், போ."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். அவள் இரண்டு சிட்டங்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற தாரை, அந்தச் சின்ன நூல் கண்டை, ராட்டினத்தில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. ராட்டினம் இருந்தது தறிக்குப் பக்கத்து மூலையில். அங்கே ஒரு நாற்பது வாட் பல்பு. கல்யாணமாகி அவள் வந்த நாளிலிருந்து அதே மஞ்சள் வெளிச்சம்தான். சாரல் பட்டு நூல் நமத்துவிடும் என்று அந்த ஐப்பசியில் ஜன்னலையும் கோணி போட்டு மூடியிருந்தோம். அந்த இருட்டில்தான் அவள் சுற்றினாள், அதே இருட்டில்தான் நானும் நெய்தேன். நெய்யும்போதுகூட என் நினைப்பு பாதி கூடத்தில்தான் இருக்கும். இத்தனை பாடுபட்டு மாட்டிய விளக்கில் அந்தப் பாறையில் ஒரு வாரத்தில் பச்சைப் பாசி பிடித்துவிட்டது. சுரண்டினேன். திரும்பப் பிடித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று எரிச்சல் வேறு.

முகூர்த்தத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது புடவையை அறுத்தோம். அன்று மழை விட்டு நல்ல வெயில். வழக்கப்படி வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு முனையை நானும் மறுமுனையை என் மனைவியும் பிடித்தோம். தங்கை ஆசையாக எதிரே வந்து நின்றாள்.

பாதிப் புடவை பிரிந்ததும் என் கை நின்றுவிட்டது. நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறம் சற்றே சிவந்து, பட்டையாகக் குறுக்கே ஓடியது. இரண்டாம் தடவை சாயம் போட்ட நூல் முதல் நூலுக்கு நடுவில் கலந்து ஏறியிருந்தது. வெயிலில் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது.

தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? என் தங்கச்சி முகூர்த்தப் புடவைம்மா இது! வருஷக் கணக்கா தார் சுத்துறே, ரெண்டு கலர் தெரியலையா உனக்கு?"

அவள் புடவையின் முனையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு தடவைச் சாயத்திலும் மிச்சமிருந்த சிட்டங்களை எடுத்து வந்து, கூடத்தில் மீன் தொட்டியின் மேல் எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டின் அடியில் பிடித்தாள்.

"இங்க வந்து பாருங்க. இந்த வெளிச்சத்துல தெரியுது. எனக்கே தெரியுது."

போய்ப் பார்த்தேன். ஒன்று கத்தரிப்பூ. மற்றது அதைவிட ஒரு சாயல் சிவப்பு. குருடனுக்கும் தெரியும்.

"அந்த மூலையில தெரியலீங்க. அதான் உங்களைக் கேட்டேன். நீங்க முக்காலி மேல நின்னுக்கினு, ஒண்ணுதான் போன்னு சொல்லிட்டீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து நிறத்தையும் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்து, நிறத்தை மாற்றாமல் காட்டுகிற விளக்கைக் கண்டுபிடித்தவன் நான். நிறம் பார்த்துப் பிழைக்கிற வீட்டில் அதை மீனுக்கு மாட்டினேன். நிறம் பார்க்க வேண்டியவளை இருட்டில் உட்கார வைத்தேன்.

மறுபடி நெய்ய ஆறு நாள் போதாது. ராப்பகலாக உட்கார்ந்தாலும் ஒரு புடவைக்குப் பத்து நாள் பிடிக்கும். கடையில் வேறு புடவை எடுத்துத் தருகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே துடைத்துக்கொண்டு, "அந்தப் பட்டை கொசுவத்துக்குள்ள போயிடும்ணா. அண்ணி மடிச்சு விட்டுடுவாங்க. நான் இதைத்தான் கட்டுவேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே டியூப் லைட்டைக் கழற்றி ராட்டினத்துக்கு மேலே மாட்டினேன். மீன் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மிச்சமிருந்த ஆறு மீன்களும் ஜன்னல் வெளிச்சத்திலேயே பல காலம் சௌக்கியமாக இருந்தன. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

முகூர்த்தத்தன்று என் மனைவி கொசுவத்தை அப்படி மடித்துவிட்டாள். அந்தப் பட்டை ஒருவர் கண்ணிலும் படவில்லை. தங்கை குனிந்து காலில் விழுந்தபோது கொசுவம் சற்று விரிந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்தப் புடவை இன்னும் அவளிடம் இருக்கிறது. பேத்திகளுக்குப் பிரித்துக் காட்டும்போது அந்தப் பட்டையில் விரலை வைத்து, "இது எங்க அண்ணன் மீன் வளர்த்த வருஷம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் இன்றைக்கும் வீட்டுக்கு ஒரு புது பல்பு வாங்கி வந்தால், அதை எங்கே மாட்டுவது என்று நான் முடிவு செய்வதில்லை. மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அவள் காட்டுகிற இடத்தில் முக்காலியைப் போட்டு ஏறுகிறேன்.