பஷீர் குடிக்கவில்லை

பாடாங் செராய் கடைத்தெருவில் பஷீரின் நாசி கண்டார் சோற்றுக்கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கறியைவிடத் தேநீருக்காக வருகிறவர்கள்தான் அதிகம். கை நீளத்துக்கு இழுத்து ஆற்றினாலும் ஒரு சொட்டு வெளியே தெறிக்காது. நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு காலை, அந்தக் கொதிக்கும் தேநீர் குவளைக்குள் விழாமல் அவருடைய மணிக்கட்டில் கொட்டியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மறுநாளும் அப்படியே ஆனது.

அடுத்த சில மாதங்களில் நடை மாறியது. கால்களை அகட்டி வைத்து, மேசை விளிம்புகளைத் தொட்டுத் தொட்டுக் கடைக்குள் நடந்தார். நாக்கும் தடித்தது. ஊர்த் தொழுகைக்கூடமான சூராவில் வெள்ளிக்கிழமைதோறும் பாங்கு சொல்லி வந்தவர் அவர். ஒருநாள் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அடுத்த வாரம் வேறொருவர் எழுந்து சொன்னார். ஏன் என்று யாரும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கடையில் ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் தணிந்த குரலில் ‘மாபோக்’ என்றது அவர் காதில் விழுந்தது. குடிவெறி. மாலை நேரக் கூட்டம் மெல்ல எதிர்ச்சாரிக் கடைக்கு நகர்ந்தது.

அவரை உலுக்கியது அதுவல்ல. ஒரு மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, மனைவி சம்சியா அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகத்தருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் துவைக்கிற கூடைக்குள் போட்டுவிட்டாள். கோபப்பட அவருக்கு மனம் வரவில்லை. பதினேழு வயதில் அவரும் இதையே செய்திருந்தார், தன் தந்தையின் சட்டையை எடுத்து.

அத்தா காசிம், சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்துக் கடையில் சமையல்காரராக இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டியதும் தள்ளாடத் தொடங்கினார். ஊரே அவரைக் குடிகாரர் என்றது. பஷீர் அவருடைய பெட்டியைக் கிளறிப் பார்த்தார். போத்தல் எதுவும் அகப்படவில்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். காசிம் குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். குடிகாரன் சத்தியம் என்று மகன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதன்பின் மூன்று ஆண்டுகள் பேசவே இல்லை. ஒரு மழைநாளில் காசிம் கால்வாயில் விழுந்து இறந்தபோதும், குடித்துவிட்டு விழுந்தார் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் சம்சியாதான் அவரை வற்புறுத்திச் சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப் போனாள். நரம்பு மருத்துவர் சாந்தினி அவரை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பஷீரின் மூக்கையும் தன் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். ஸ்கேன் படத்தில் சிறுமூளை சுருங்கியிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி நடை இருந்ததா என்று கேட்டார். பஷீர் இல்லை என்றார். சம்சியா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத்தாவுக்கு இருந்துச்சு. ஆனா அது குடியால டாக்டர்” என்றார் பஷீர்.

“அவர் குடிச்சத நீங்க பார்த்திருக்கீங்களா?”

அவர் யோசித்தார். வாடை, போத்தல், கூட்டாளிகள் என்று தேடினார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“இல்ல” என்றார்.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் கோலாலம்பூருக்குப் போய் முடிவு வர நான்கு மாதமாயிற்று. சாந்தினி ஒரு காகிதத்தில் படம் வரைந்து சொன்னார். “மூளை செல்லுக்குள்ள வர்ற சேதிய வாங்கி, வேலையத் தொடங்கி வைக்கிற என்சைம் ஒண்ணு இருக்கு. புரோட்டீன் கைனேஸ் சி காமான்னு பேரு. சேதி வந்தா எழுந்திருக்கணும், முடிஞ்சதும் அடங்கணும். உங்களுக்கு அது முழுசா அடங்க மாட்டேங்குது. சிறுமூளையில உள்ள செல்லெல்லாம் அதனால கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போவுது.”

மருந்து உண்டா என்று சம்சியா கேட்டாள். உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, விழாமல் பார்த்துக்கொள்வது. இப்போதைக்கு அவ்வளவுதான் என்றார் மருத்துவர். மெதுவாகத்தான் முற்றும், ஆனால் முற்றும். காசிமைச் சோதிக்க இனி வழியில்லை. கேட்டதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அவருக்கும் இதே நோய்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்தார். இரண்டு. ஒவ்வொருவருக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பதினெட்டு வயதுக்கு மேல், அவர்களே விரும்பினால், சோதித்துக்கொள்ளலாம்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஷீர் சூராவின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தனக்கு மூளையில் நோய் என்றார். சொற்கள் குழறியதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “எங்க அத்தாவுக்கும் இதுதான். அவர் குடிக்கல. நான்தான் அப்படிச் சொன்னேன். நீங்களும் சொன்னீங்க.” சிலர் வந்து தோளைத் தொட்டார்கள். சிலர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள்.

அவருக்குப் பாரம் குறையவில்லை. அன்றிலிருந்து அவர் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கத் தொடங்கினார். படியிறங்கும்போது மகள் ஃபாத்தின் எங்கே கை வைக்கிறாள், கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் ஹாஃபிஸ் மோட்டார் சைக்கிளை எப்படி நிறுத்துகிறான் என்று கவனித்தார். ஒரு தட்டு கீழே விழுந்தால் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஃபாத்தினுக்குப் பத்தொன்பது வயது. தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று சோதனைக்கு மறுத்துவிட்டாள்.

ஹாஃபிஸ் எதுவும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிறு காலை, பஷீரை உடற்பயிற்சிக்காகக் கையைப் பிடித்துத் திடலைச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தான். பாதிச் சுற்றில் நின்றான்.

“நா டெஸ்ட் எடுத்தேன் அத்தா. எனக்கும் இருக்கு.”

பஷீர் அவன் கையை விடவில்லை. எப்போது எடுத்தான் என்று கேட்டார். மூன்று வாரமாகிறது என்றான். அம்மாவுக்குத் தெரியுமா என்றதற்குத் தெரியும் என்று தலையசைத்தான். அந்த மூன்று வாரமும் சம்சியா சமைத்ததும் சிரித்ததும் அவர் நினைவில் ஓடின.

“உனக்கு இன்னும் நாள் இருக்குலா” என்றார் கடைசியில். “அதுக்குள்ள மருந்து கண்டுபிடிச்சிருவாங்க.”

“டாக்டரும் அதத்தான் சொன்னாங்க” என்றான் ஹாஃபிஸ்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. இருவரும் மிச்சச் சுற்றையும் நடந்தார்கள். பஷீர் கீழே பார்க்காமலிருக்க முயன்றார், முடியவில்லை. மகனுடைய கால்கள் புல்லில் நேராகத்தான் விழுந்துகொண்டிருந்தன.