அங்கிள் தே ஓ கேட்ட காலை

மலேசியாவில், கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். வேகத்தில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. அந்தக் கர்வமும் எனக்கு உண்டு.

பக்கவாதம் வந்த லோரி டிரைவர் அங்கிள் ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். தினமும் காலையில், "அங்கிள், கோப்பியா, தே ஓவா?" என்று கேட்பேன். தே ஓ என்றால் பால் சேர்க்காத டீ. பதில் வராது. "சரி, கோப்பியே குடிங்க லா," என்று கப்பை நீட்டுவேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். 'பேச்சு இல்லை, குடிக்க மறுக்கிறார்' என்று ஃபைலில் எழுதினேன். மூக்கில் குழாய் போடலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது.

ஒருநாள் வழக்கம்போல் கேட்ட கையோடு, பக்கத்துக் கட்டில் ஆன்டியின் தலையணை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அங்கிளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் அப்படியே நின்றேன்.

"தே... ஓ," என்றார். சற்றுப் பொறுத்து, "கோப்பி... வேணாம்மா."

இத்தனை நாளும் அவர் பதில் சொல்லத் தொடங்கிய நேரத்தில்தான் நான் கப்பை நீட்டியிருக்கிறேன்.

தே ஓவை மிச்சம் வைக்காமல் குடித்தார். அன்றே ஃபைலில் என் வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: 'நன்றாகப் பேசுவார். கேட்பவர்தான் காத்திருக்க வேண்டும்.'

இப்போதும் நான்தான் அங்கே வேகமான ஆள். கேள்வி கேட்ட பிறகு மட்டும் இல்லை.